வீட்டில் போர்ட்டபிள் சௌனா: வாங்குவதிலிருந்து காயவைத்து மடிப்பது வரை முழு வழிகாட்டி

சூட்டில் உட்கார்ந்து வியர்ப்பதுதான் சௌனாக் குளியல். அதற்காக வீட்டிலேயே விரித்து மடிக்கும் துணிக் கூடாரம்தான் மடக்கு சௌனா. ஆவியால் சூடாகும் அப்படியொரு கூடாரத்துக்குள் முதல் முறை உட்கார்ந்தபோது என் கவனமெல்லாம் வெப்பமானியின் மேலேயே இருந்தது. உணரியைக் கூடாரத்துக்குள் விட்டு, திரையை வெளியே கண்ணில் படும்படி வைத்திருந்தேன். எண் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டவே இல்லை. பின்லாந்தில் 80, 90 டிகிரியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்களே, இது எம்மாத்திரம் என்று அரை மணி நேரம் இருந்துவிட்டேன். ஜிப்பைத் திறந்து சட்டென்று எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருந்ததால் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூடாரத்தில் உடம்பைச் சூடாக்குவது புழுக்கம்தான். மரத்தால் கட்டிய பின்லாந்து சௌனாவில் காற்று 80 முதல் 100 டிகிரி வரை சூடாக இருந்தாலும் வறண்டு கிடக்கும். வியர்க்க வியர்க்க அது ஆவியாகி உடம்பைக் குளிர்த்திக்கொண்டே இருக்கும். நீராவிக் கூடாரத்தில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பிவிட்டது. வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. தோல் 35, 36 டிகிரியில் இருப்பதால் அதைவிடச் சூடான நீராவி அதன் மேல் பட்டுத் தண்ணீராகிறது. ஒரு கிராம் நீராவி அப்படித் தண்ணீராகும்போது 2,200 ஜூலுக்கு மேல் வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடும். உடம்பு தன்னைக் குளிர்த்திக்கொள்ளும் வழியும் அடைபட்டு, வெளியிலிருந்து சூடும் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெப்பமானியில் இது எதுவும் தெரியாது. ஆகவே நீராவிக் கூடாரத்தில் உட்காருகிறவர் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

வீட்டில் மடித்து வைக்கக்கூடியவை மூன்று வகை.

முதலாவது நீராவிக் கூடாரம். துணிக் கூடாரம், உள்ளே ஒரு மடக்கு நாற்காலி, வெளியே ஒரு சின்ன மின்சாரக் கொதிகலன், இரண்டையும் இணைக்கும் குழாய். பெரும்பாலானவற்றில் தலை மட்டும் மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே 40 முதல் 50 டிகிரி வரை போகும். விலையில் மலிவானதும் இதுதான். ஈர வேலை அதிகமுள்ளதும் இதுதான்.

இரண்டாவது அகச்சிவப்புக் கூடாரம். தோற்றம் அதேபோல. ஆனால் கொதிகலனுக்குப் பதிலாகச் சுவர்த் துணிக்குள் கார்பன் தகடுகள் இருக்கும். காற்று 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும், வறண்டும் இருக்கும். தகடுகளின் கதிர்வீச்சு நேரடியாகத் தோலில் படுகிறது. விளம்பரங்களில் இந்தக் கதிர் உடம்புக்குள் ஆழமாக ஊடுருவுவதாக எழுதியிருப்பார்கள். நம்ப வேண்டாம். இந்தத் தகடுகள் வீசும் தொலை அகச்சிவப்புக் கதிரைத் தோலின் மேற்பரப்பே, ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சிவிடும். அங்கிருந்து உள்ளே சூட்டைக் கொண்டுபோவது இரத்த ஓட்டம். அது எந்த வகை சௌனாவிலும் நடக்கிறதுதான்.

மூன்றாவது அகச்சிவப்புப் போர்வை. தூங்கும் பை மாதிரி இருக்கும், அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த இடம் போதும், காயவைப்பதும் எளிது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கைகால் எல்லாம் உள்ளே சுற்றப்பட்டிருக்கும்போது ஆபத்து என்றால் வெளியே வர நேரமாகும், படுத்தபடியே தூங்கிவிடவும் கூடும். இதைத்தான் வாங்குவீர்கள் என்றால் உள்பக்கமிருந்தே திறக்கும் வசதியும், தானாக அணைக்கும் டைமரும் இருக்கிறதா என்று பாருங்கள். பருத்தி முழுக்கைச் சட்டை, கால்சட்டை, காலுறை போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். தகட்டின் மேல் வெறும் தோல் நேராகப் பட்டால் சுட்டுவிடும்.

எந்த வகையானாலும் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில: ஜிப் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்க வேண்டும், கைகளை வெளியே நீட்டத் திறப்புகள் வேண்டும், கொதிகலனில் தண்ணீர் தீர்ந்தால் தானாக அணைய வேண்டும், கூடவே வரும் நாற்காலி உங்கள் எடையைத் தாங்க வேண்டும். கடைசி விஷயத்தில் கறாராக இருங்கள். கூடாரத்தோடு வரும் நாற்காலிகள் பெரும்பாலும் மெலிந்த குழாய்ச் சட்டம்தான். சந்தேகமாக இருந்தால் அகலமான, உறுதியான பிளாஸ்டிக் முக்காலியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரம் என்றால் தலையை வெளியே வைக்கும் வகையையே வாங்குங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறைக்காற்றைச் சுவாசிக்கிறீர்கள், நெற்றி வியர்வை ஆறுகிறது, முகத்தில் குளிர்ந்த காற்று படுகிறது. முழு உடலையும் மூடும் கூடாரத்தில் இந்த மூன்றும் இல்லை. தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலை வெளியே இருப்பதே பாதுகாப்பு.

படி 2: நீங்கள் உள்ளே போகலாமா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சௌனாவில் உட்காரும்போது, நாம் வேகமாக நடக்கையில் உழைக்கும் அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் இதயம் உழைக்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டுவது சாதாரணம், சூடு கூடினால் 150 வரைகூடப் போகும். ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான் தோலுக்குப் போகிறது. நல்ல சூட்டில் பாதிக்கு மேல் தோலுக்கே போய்விடுகிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு இது பயிற்சி போல. பழுதான இதயத்துக்குத் தாங்காத சுமை.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருகிறவர்கள், மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் உள்ளே போகவே கூடாது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குறை அழுத்தத்தால் அடிக்கடி தலைசுற்றுகிறவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மல்டிபிள் ஸ்களிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடு கூடினால் பார்வை மங்குவது, கைகால் சோர்வது போன்ற அறிகுறிகள் தற்காலிகமாக அதிகரிக்கும்.

கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். அதிலும் முதல் மூன்று மாதங்களில் தாயின் உள்ளுடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால் கருவின் நரம்புக்குழாய் வளர்ச்சி பாதிக்கப்படலாம். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் ஆண்களும் கொஞ்ச காலம் தள்ளி வைப்பது நல்லது. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூழல் தேவை. அடிக்கடி சூடேறினால் எண்ணிக்கை குறையும், நிறுத்திய சில மாதங்களில் திரும்பவும் கூடும். சிறு குழந்தைகளைக் கூடாரத்துக்குள் உட்கார வைக்காதீர்கள்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை உடம்பின் நீரை ஏற்கெனவே குறைத்திருக்கும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பு கூடுவதைத் தடுக்கும். சில ஒவ்வாமை மாத்திரைகள் வியர்வையைக் குறைத்துவிடும். தோலில் ஒட்டும் வலி நிவாரணப் பட்டையோ நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பட்டையோ இருந்தால் சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடம்புக்குள் போகும். ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலி மருந்துப் பட்டையோடு உள்ளே போவது உயிருக்கே ஆபத்து. இன்சுலின் ஊசி போட்ட உடனேயே உட்கார்ந்தாலும் அது வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

மது அருந்தியிருந்தால் அன்றைக்குச் சௌனா கிடையாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும் அப்படித்தான்.

படி 3: இடமும் மின்சாரமும்

கூடாரத்தை எங்கே விரிப்பது என்பதில் பலரும் யோசிப்பது இடத்தின் அளவை மட்டும். தரையை யோசியுங்கள். டைல்ஸ் அல்லது சிமென்ட் தரை சரி. கம்பளம் வேண்டாம், மரத்தரையும் வேண்டாம். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் கூடாரம், கூடாரத்துக்குள் காலடியில் தடித்த துண்டு. கூடாரத்தின் வாயிலிலும் ஒரு துண்டு. வெளியே வந்ததும் ஈரக்கால் முதலில் படுவது அங்கேதான்.

கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும்: சுவர், கனமான மேசை, எதுவானாலும் சரி. சன்னல் ஒன்று பாதி திறந்திருக்கட்டும். அறையே புழுங்கினால் வெளியே இருக்கும் தலைக்கும் நிம்மதி இல்லை.

கொதிகலன் பொதுவாக 800 முதல் 1,500 வாட் வரை எடுக்கும். 1,000 வாட் என்றால் 230 வோல்ட் உள்ள இடத்தில் நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல். 120 வோல்ட் உள்ள நாடுகளில் எட்டு ஆம்பியருக்கு மேல். சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டாம். மெல்லிய கம்பி சூடேறும், அதன் பெட்டி ஈரத் தரையில் கிடக்கும், இரண்டும் சேர்ந்தால் விபரீதம். அந்தப் பாயின்ட்டுக்கு மின்கசிவைக் கண்டு தானாக அணைக்கும் கருவி, அதாவது ஆர்சிடி, இருக்க வேண்டும். வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. இல்லையென்றால் கொதிகலனை வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈர உடம்பும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கும் வேலை இது.

படி 4: கொதிகலனை நிரப்பி, குழாயைச் சரியாக இடுங்கள்

இரண்டு லிட்டர் கொள்ளளவு என்றால் இரண்டு லிட்டரையும் ஊற்றத்தான் வேண்டும் என்றில்லை. கணக்கைப் பாருங்கள். 1,000 வாட் கொதிகலன் ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். கொதித்த அந்த ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாகிப் போக இன்னும் 37, 38 நிமிடம் பிடிக்கும். ஆக, முன்னால் ஆவி நிரம்பும் நேரத்தையும் சேர்த்து, கால் மணி நேரக் குளியலுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர்தான் செலவாகிறது. குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே ஒரு லிட்டர் போல இருந்தால் போதும். ஆவியும் சீக்கிரம் வரும். அதிகபட்சக் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கொதிக்கும் தண்ணீரே குழாய் வழியாகத் தெறிக்கும்.

வடிகட்டிய, உப்பு குறைந்த தண்ணீர் நல்லது. சில கொதிகலன்கள் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்து சூடாகும் வகை. அவற்றுக்குத் தண்ணீரில் கொஞ்சம் தாது இருந்தாக வேண்டும். உங்களுடையது எது என்பது கையேட்டில் இருக்கும். நறுமண எண்ணெயை எக்காரணம் கொண்டும் கொதிகலனுக்குள் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் விரிசல் விடும், எண்ணெய்ப் பிசுக்கு ஆவித் துளையை அடைக்கும். வாசனை வேண்டுமென்றால் இரண்டு சொட்டைப் பஞ்சில் விட்டு அறையில் தள்ளி வையுங்கள்.

குழாய் விஷயம் சின்னது, ஆனால் யாரும் சொல்வதில்லை. கொதிகலனிலிருந்து கூடாரத்துக்குப் போகும் குழாய் நடுவில் தொய்ந்து கிடந்தால் அந்தத் தொய்வில் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். பின்னால் வரும் ஆவி அதைத் தள்ளும்போது களக் களக்கென்று சத்தம் வரும். பிறகு கொதிநீர் ஒரு துப்பலாக உள்ளே வந்து விழும், பெரும்பாலும் கெண்டைக்காலில். குழாயைக் கொதிகலன் பக்கம் சரிவாக வையுங்கள். தேங்கும் தண்ணீர் கொதிகலனுக்கே திரும்பிவிடும். அந்தக் களக் சத்தம் கேட்டால் உடனே காலை நகர்த்துங்கள்.

உள்ளே ஆவி வரும் வாய்க்கு மேலே ஒரு துணி உறையோ சிறு பெட்டியோ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு உட்காரக் கூடாது. வாயிலிருந்து கால் ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

படி 5: ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

புதிதாக வாங்கியதும் உள்ளே ஈரத்துணியால் துடைத்து, சன்னலைத் திறந்து வைத்து, இருபது நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். புதுத் துணியின் பிளாஸ்டிக் வாடை முதல் இரண்டு ஓட்டத்தில் பெருமளவு போய்விடும். அதற்குப் பிறகும் மூக்கைக் குத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இணைப்புகளில் ஆவி கசிகிறதா, பிளக் தொடச் சூடாக இருக்கிறதா, எத்தனை நிமிடத்தில் 40 டிகிரி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆவி இல்லாமலே, ஜிப்பை உள்ளேயிருந்து திறந்து வெளியே வருவதை நாலைந்து தடவை பழகுங்கள். ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு திறக்க முடிய வேண்டும்.

படி 6: உட்காருவதற்கு முன்

வயிறு முட்டச் சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் போகட்டும். வெறும் வயிற்றோடும் வேண்டாம். அரை மணி முன்னால் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர். உடற்பயிற்சி முடித்திருந்தால் மூச்சும் துடிப்பும் இயல்புக்கு வரட்டும், குறைந்தது கால் மணி நேரம்.

மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகம் சூடேறித் தோலில் தழும்பு போடும். கான்டாக்ட் லென்ஸையும் எடுத்துவிடுவது நல்லது. வெதுவெதுப்பான நீரில் ஒரு குளியல் போட்டால் க்ரீம், எண்ணெய் எல்லாம் போகும், துணியும் சுத்தமாக இருக்கும்.

அப்புறம், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு உட்காருங்கள். "கால் மணி நேரத்தில் வெளியே வருவேன், வரவில்லை என்றால் வந்து பார்" என்பது போதும். தனியாக இருக்கும் நாளில், குறிப்பாக ஆரம்ப வாரங்களில், தள்ளிப் போடுங்கள்.

படி 7: உள்ளே

பத்து நிமிடம் ஆவி நிரம்பட்டும். நாற்காலியில் துண்டை விரித்து உட்கார்ந்து, காலை ஆவி வாயிலிருந்து தள்ளி வைத்து, ஜிப்பை மேலே இழுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு. சூடு அங்கே கசிந்தால் முகத்தில் அடிக்கும்.

முதல் நாள் ஐந்து நிமிடம். நல்லா இருக்கிறதே என்று தோன்றும்போதே வெளியே வந்துவிடுங்கள். இரண்டாம் முறையும் அதே அளவு. வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். நீராவிக் கூடாரத்தில் 15 நிமிடம் போதுமான அளவு. 20க்கு மேல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அகச்சிவப்பில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை ஓரளவு ஆறும், 20 முதல் 30 நிமிடம் வரை இருக்கலாம்.

மூன்று நான்கு நிமிடத்தில் முதுகில் ஒரு கோடு வழிவது தெரியும். அப்போதே பொலபொலவென்று வியர்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதலில் வழிவதில் பாதி, தோலில் படிந்த ஆவிதான். உண்மையான வியர்வை எது என்று தெரிந்துகொள்ள ஒரே இடம் நெற்றி. அது கூடாரத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே துளிர்ப்பது உங்களுடையது. நெற்றியில் நன்றாகத் துளிர்த்து, மேலுதட்டில் உப்புக் கரிக்கத் தொடங்கினால் உடம்பு உண்மையிலேயே சூடாகிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து சில நிமிடங்கள்தான் உங்கள் குளியல்.

காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டால், தலை பாரமானால், குமட்டினால், அந்தச் சூட்டிலும் மயிர்க்கூச்செறிந்தால் நேரம் மிச்சம் இருந்தாலும் வெளியே வாருங்கள். வியர்த்துக்கொண்டிருந்தது நின்றுபோவதும் பேச்சு குழறுவதும் இதைவிட மோசமான அறிகுறிகள். குழப்பமான நிலையில் ஒருவரைப் பார்த்தால் உடனே வெளியே எடுத்து, ஈரத்துணியும் விசிறியுமாகக் குளிர்த்திக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வெப்ப மயக்கத்தின் அடுத்த கட்டம். காத்திருக்க நேரம் இல்லை.

படி 8: வெளியே வருவது

எனக்கு நேர்ந்தது இங்கேதான். எல்லாவற்றையும்விட இந்த ஐந்து நிமிடத்தில்தான் கவனம் தேவை.

சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்து கிடக்கின்றன. எழுந்து நின்றதும் இரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. விரிந்த குழாய்கள் சட்டென்று சுருங்காது. மூளைக்குப் போகும் இரத்தம் சில நொடிகள் குறைகிறது. கண் இருட்டுவது அதனால்தான். கீழே ஈரத்தரை வேறு.

முதலில் கொதிகலனை அணையுங்கள். கை வெளியே இருப்பதால் ரிமோட்டிலோ, பக்கத்தில் வைத்த சுவிட்சிலோ அணைக்கலாம். பிறகு ஜிப்பைப் பாதி இறக்கி, ஆவியை வெளியே விட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடம் இருங்கள். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துங்கள், பத்துப் பதினைந்து தடவை. கீழே தேங்கிய இரத்தம் மேலே ஏறும். அப்புறம் ஜிப்பை முழுக்கத் திறந்து, ஒரு காலை வாயில் துண்டில் வைத்து, சுவரைப் பிடித்து, மெதுவாக எழுந்திருங்கள். தலை கிறுகிறுத்தால் பெருமை பார்க்காமல் அங்கேயே தரையில் உட்காருங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள்.

ஆவி பட்டுச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

உடனே ஆடை மாட்டாதீர்கள். வெளியே வந்த பின்னும் பத்து இருபது நிமிடம் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். இப்போதுதான் அந்த வியர்வை ஆறுகிறது, உடம்பு நிஜமாகக் குளிர்கிறது. இந்த நேரத்தின் சுகத்துக்காகத்தான் நான் கூடாரத்தையே விரிக்கிறேன். மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்காருங்கள். ஜப்பானில் சுவா டெய் என்ற இதய மருத்துவர் உருவாக்கிய வாவோன் சிகிச்சையில் 60 டிகிரி அகச்சிவப்பு அறையில் 15 நிமிடம், அதன் பின் போர்வை போர்த்தி 30 நிமிடம் படுக்கை என்று வைத்திருக்கிறார்கள். அது மருத்துவக் கண்காணிப்பில் செய்வது, வீட்டுக்கானதல்ல. ஆனால் சூட்டைப் போல இரண்டு மடங்கு ஓய்வு என்ற அந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் குளித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த நீருக்குப் போகலாம். சூட்டிலிருந்து நேராக ஐஸ் தண்ணீரில் இறங்குவது இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்ச்சி. பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம்.

இப்போது அந்த எடை. துடைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பாருங்கள். 400 கிராம் குறைந்திருந்தால் 400 மில்லி நீர் போயிருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே மூச்சில் குடிக்காமல், ஒரு மணி நேரத்தில் குடியுங்கள். வியர்வையில் போன உப்பை அடுத்த வேளைச் சாப்பாட்டு உப்பு ஈடுசெய்யும். ஒரு குளியலில் உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

மேலே குறைந்த எடை தண்ணீர். குடித்ததும் திரும்பிவிடும், கொழுப்பு கரைந்ததாக எண்ண வேண்டாம். நச்சு வெளியேறுகிறது என்பதும் அப்படித்தான். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை நீக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2,315 நடுத்தர வயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, யாரி லௌக்கானென் குழுவினர் 2015ல் வெளியிட்டது. வாரத்துக்கு ஒருமுறை போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் உட்கார்ந்தது 80 டிகிரியை ஒட்டிய வறண்ட மர சௌனாவில்; அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வு, சௌனாதான் காரணம் என்று நிரூபித்ததல்ல. அந்த முடிவை அப்படியே துணிக் கூடாரத்துக்கு எடுத்துப் போட முடியாது.

வேறு என்ன கிடைக்கும்? தசை இறுக்கம் தளரும். மூட்டுகள் கொஞ்ச நேரம் இலகுவாகும். படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு உட்கார்ந்தால், பின்னால் உடல் வெப்பம் இறங்கும்போது தூக்கம் நன்றாக வரும். கைபேசி இல்லாத அரை மணி நேரம் கிடைக்கும். பின்லாந்தின் சௌனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ல் உலகின் தொட்டுணர முடியாத மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சூட்டோடு சேர்ந்து, பேசாமல் அமர்ந்திருக்கும் அந்த நிதானத்துக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது. அதை ஒரு துணிக் கூடாரத்திலும் கொண்டுவர முடியும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். அடுத்த நாள் அசதியாக இருந்தால் அதையும் குறையுங்கள்.

படி 9: காயவைப்பது, கழுவுவது, மடிப்பது

ஒரு குளியலில் ஆவியாக வந்த தண்ணீர் ஏறத்தாழ அரை லிட்டர், உங்கள் வியர்வை கிட்டத்தட்ட அதே அளவு. அறைக்குள் கசிந்தது போக மீதி கூடாரத்துக்குள்தான் கிடக்கிறது. இதை எடுக்காமல் மடித்து வைத்தால் ஒரு வாரத்தில் கரும்பூஞ்சை வந்துவிடும். அடுத்த முறை அந்தப் பூஞ்சையின் நடுவில்தான் உட்காருவீர்கள்.

காலடித் துண்டை உடனே வெளியே எடுங்கள். உள்சுவரை மேலிருந்து கீழாக உலர்ந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, வெறும் ஈரத்துணியால் இன்னொரு முறை துடைக்கலாம். ப்ளீச்சிங் திரவத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த சூட்டில் அதன் நெடியைச் சுவாசிக்க நேரும். வினிகரோடு அது கலந்தால் நச்சான குளோரின் வாயுவே வரும்.

கொதிகலன் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். மீதித் தண்ணீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவு தெரிந்தால் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். குழாயை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளே தங்கிய தண்ணீர் சொட்டிப் போகும்.

அகச்சிவப்புக் கூடாரத்திலும் போர்வையிலும் ஈரம் குறைவு. ஆனால் தகடுள்ள துணியை மடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடித்தால் உள்ளே கம்பி ஒடியும். தளர்வாகச் சுருட்டி வையுங்கள். எங்காவது ஒரு புள்ளி மட்டும் அதிகச் சூடாகவோ, நிறம் மாறியோ இருந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது, ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

கூடாரத்தை நிறுத்தி வைத்து, ஜிப் எல்லாம் திறந்து, மின்விசிறிக் காற்று உள்ளே போகும்படி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மடிக்கும் முன், கீழ்மூலையில் தையல் மடிந்திருக்கும் இடத்தில் விரலை நுழைத்துப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான். அங்கே சில்லென்று இருந்தால் இன்னும் அரை நாள் நிற்கட்டும்.